நெருப்பைக் குறைக்கச் சொன்ன படக்காரர்

ஒழுங்காக வேலை செய்கிற சாமானைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. பழுதாய்ப் போனதோடு அவருக்குச் சண்டையில்லை; அது பாட்டுக்கு அலுமாரிக்குள் கிடக்கும். பெட்டியைப் பிரித்த உடனேயே நன்றாக வேலை செய்கிற புதுச் சாமான்தான் அவருக்குப் பகையாளி. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மற்ற ஆண்கள் சட்டைப் பையில் பேனை குத்துகிற இடத்தில் அவர் ஸ்குறூ டிறைவர் குத்தியிருப்பார். அது வெளியே வரும். "கம்பனிக்காரன் எங்கயோ ஒரு பிழை விட்டிருப்பான் பிள்ளை, இருந்து பார்" என்பார். அதோடு அந்தச் சாமானின் ஆயுள் முடிந்தது.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கிட்ட, ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்ரூடியோ இருந்தது. யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து, வீடு கட்டி, கலியாணம், பெட்டை பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு என்று மறுபடியும் படம் எடுக்கத் தொடங்கியிருந்த காலம். பெட்டைகளுக்குச் சேலை உடுத்தி நகை பூட்டுகிற அறைக்குள் ஆம்பிளைப் படக்காரன் நிற்பதை வீட்டார் விரும்பமாட்டார்கள். அதற்காக அவருக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். எனக்குக் கமரா பிடிக்கும். வேறு எந்த ஸ்ரூடியோவும் என்னை வாசலுக்குள் எடுத்திருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அந்த மனிசனோடு சில வருசம் மாரடித்தேன்.

படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். கமராவின் தலையில் ஃபிளாஷைச் செருகி நேரே அடித்தால் முகம் தட்டையாக, வெள்ளை அடித்த சுவர் மாதிரி வரும். அதே ஃபிளாஷைக் கழற்றித் தள்ளி ஒரு கோலில் வைத்து, கமராவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பி அடித்தால் முகத்துக்கு ஒரு களை வரும். இதை நான் மறுக்கவில்லை. அந்தச் செய்தியை அனுப்புவதற்கு ட்ரிகர் என்று சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். வவுனியாவுக்கு பஸ் ஏறினால் வாங்கிக்கொண்டு பொழுதுபடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கட ஸ்ரூடியோ அண்ணை பஸ் ஏறமாட்டார். தானே செய்வார்.

முதலில் அவர் செய்தது வயர் இல்லாத ஒரு கோலிங் பெல்லை வைத்து. சுவிட்ச் பக்கத்தைக் கமராவோடு ஒட்டினார். மணி பக்கத்தைப் பிரித்து, ஸ்பீக்கரைப் பிடுங்கி, அந்த வயரை ஃபிளாஷில் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். வயரின் தோலைப் பல்லால்தான் உரிப்பார். முன்பல்லில் அதற்கென்றே ஒரு வெட்டு விழுந்திருந்தது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும், ஈயம் பற்றவைப்பதில் அவருடைய கை வலு சுத்தம். குண்டுமணி மாதிரி உருண்டு நிற்கும். அந்தக் கைக்குத் தகுந்த மண்டையைக் கடவுள் கொடுக்கவில்லை.

கோலிங் பெல் என்றால், ஒருவர் அமத்தி, உள்ளே மணி அடித்து, ஆள் எழும்பி வருவதற்கென்று செய்த சாமான். அதற்கு அவசரம் தெரியாது. கமரா கண்ணை மூடித் திறந்த பிறகு, ஆறுதலாக ஃபிளாஷ் அடிக்கும். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகமெல்லாம் கரிச்சட்டியாக வந்தது. பிள்ளையின் தாய் ஒருத்தி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றாள்.

"என்ன அண்ணை, முகமே தெரியேல்லையே?"

"பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவுதானே தங்கச்சி. கமரா பொய் சொல்லாது."

அந்தப் பிள்ளை தன்னுடைய கையைத் திருப்பிப் பார்த்தது. எனக்கு அவருடைய கன்னத்தில் ஒன்று கொடுக்கவேண்டும் போல இருந்தது. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அந்தப் பிள்ளையை இருத்தி, சாதாரண விளக்கு வெளிச்சத்தில் வேறு படம் எடுத்து, அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று கொடுத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிலும் ஒரு பிழை கண்டுபிடித்திருப்பார்.

அதே நாட்களில் பின்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் வந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். நல்ல பொறுமைசாலி.

"தம்பி, எங்கட வீட்டு பெல்லை ஆரோ அடிச்சிட்டு ஓடுறாங்க. போய்ப் பார்த்தா கேட்டடியில ஒருத்தரும் இல்ல. வீட்டில பொம்பிளையள் பயப்படுறாங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய வீட்டிலும் அதே கம்பனிக் கோலிங் பெல். இங்கே படம் எடுக்க எடுக்க அங்கே மணி அடிக்கிறது. எங்கட ஆளுக்கும் விளங்கியது. விளங்கியும் மனிசன் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"நானா, குறை நினையாதேங்கோ. உங்கட பெல்லைக் கொஞ்ச நாளைக்குக் கழட்டி வையுங்கோ. என்ர சிக்னலை அது இழுக்குது. அதாலதான் எனக்குப் படமெல்லாம் இருட்டா வருது."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நானா உண்மையாகவே போய்த் தன்னுடைய பெல்லைக் கழற்றி வைத்தார். அடுத்தவனின் நல்ல குணத்தில் ஏறி நின்று குதிக்கிறவர்களுக்கு எப்போதும் இப்படி ஒரு நானா அகப்பட்டுவிடுவார்.

பிழை தன்னுடையது என்று அவர் வாயால் சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கரண்ட் சரியில்லை, பற்றரி சீனாச் சாமான், பொம்பிளை கண் சிமிட்டினவ, மாப்பிள்ளை கறுத்தக் கோட்டுப் போட்டவர், கொக்கிளாயில் கடல்காத்து. கொக்கிளாயில் ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லாப் படமும் பழுதானதற்கு உப்புக்காற்றுத்தான் காரணமாம். அந்த உப்புக்காற்றில் பிறந்து வளர்ந்த மீன்பிடிக்காரர் ஒருவர் கையில் விலை குறைந்த போனை வைத்து எடுத்த படம் கண்ணாடி மாதிரித் துலங்கியது. அதை அவருக்குக் காட்டினேன். "போன் வேற சாதி" என்றார். அதற்கு மேல் என்ன கதைக்கிறது?

பிறகு பிரான்சிலிருந்து அவருடைய மனைவியின் தம்பி வந்தான். அத்தானுடைய கஷ்டத்தை அக்கா போனில் சொல்லி அழுதிருக்கிறா. நல்ல ட்ரிகர் ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவனே ஸ்ரூடியோவில் பூட்டி, என்னை நிற்கவைத்து அடித்துக் காட்டினான். ஒரு பிழையில்லை. அமத்தினால் அடித்தது. நான் சந்தோசத்தில் கை தட்டிவிட்டேன். அண்ணை கை தட்டவில்லை. தட்டினவர்களையும் அவர் விரும்பியதாகத் தெரியவில்லை. மச்சான் விமானம் ஏறிய கையோடு மேசையில் பேப்பரை விரித்து, அந்த இரண்டையும் குடல் வேறு குண்டி வேறாகப் பிரித்துப்போட்டார்.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்லை பிள்ளை. சும்மா ஒரு சின்ன சிப். இதை வைச்சுக்கொண்டே வெள்ளைக்காரன் உலகத்தை ஏமாத்துறான்?"

அந்த ட்ரிகர் இரண்டும் பிறகு வேலை செய்யவில்லை. ஆனால் அந்தப் பிரேத பரிசோதனையில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்புப் பிறந்தது. இனி ரேடியோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வெளிச்சத்தாலேயே வெளிச்சத்தைக் கூப்பிடுவேன் என்றார். பழைய டிவி ஒன்றிலிருந்து, ரிமோட்டின் கதிரைப் பிடிக்கிற கறுத்தக் கண்ணைப் பிடுங்கினார். ஃபிளாஷின் கீழ்ப்பக்கம், கமராவில் செருகுகிற அடிக்கட்டையை வாள் அலகால் அறுத்தார். நல்ல ஃபிளாஷ். எனக்கென்று தந்திருந்த ஃபிளாஷையும் கேளாமல் எடுத்து அறுத்தார். அறுத்த இடத்தில், செத்த போன் ஒன்றின் ஹெட்போன் துவாரத்தைப் பதித்து, பசை ஊற்றி, அந்தக் கண்ணை வயரில் தொங்கவிட்டார். இரண்டு ஃபிளாஷையும் பிவிசிக் குழாயில் ஏற்றிக் கட்டினார். கமராவோடேயே சேர்ந்து வருகிற குட்டி ஃபிளாஷின் முகத்தில் கறுத்த பிலிம் துண்டொன்றை ஒட்டினார். வெளிச்சம் வெளியே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத, ரிமோட்டில் வருகிற அதே சூட்டுக்கதிர் மட்டும் போய்ப் பெரிய ஃபிளாஷை எழுப்பும். அதுதான் கணக்கு.

ஸ்ரூடியோவுக்குள் அது வேலை செய்தது. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். ரியூசனுக்கு வந்த பெடியளையும் மரக்கறி வாங்க வந்த சனத்தையும் கூப்பிட்டு உள்ளே இருத்தி, டிவி ரிமோட்டை அமத்துவார். மூலையில் ஃபிளாஷ் 'பளிச்' என்று அடிக்கும். சனம் வாயைப் பிளக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். எனக்கு ஒரே ஒரு யோசனைதான். ரிமோட்டுக்கு அடிக்கிறது வேறு எதற்கெல்லாம் அடிக்கும்? கேட்டேன். "உனக்கு உது விளங்காது" என்றார்.

மல்லாவிப் பக்கம் ஒரு கலியாணம் வந்தது. பொம்பிளைக்குத் தகப்பன் இல்லை. தாய் ஒருத்திதான் வயல் செய்து அவளை வளர்த்தவா. சின்னக் கலியாணம், வீட்டு முற்றத்தில் பந்தல். வீடியோவுக்கும் ஆள் சொல்லலாமா என்று அந்த அம்மா கேட்டதற்கு அண்ணை வேண்டாம் என்றுவிட்டார். வீடியோக்காரனின் லைட் சூடாம், அவருடைய மிசினைக் குழப்புமாம். "என்னை நம்புங்கோ அம்மா, நான் எடுக்கிற படம் கதைக்கும்" என்றார். பாவம், நம்பினா.

கலியாணத்தன்று காலையில் பொம்பிளை அறையில் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தாய் வாசலில் நின்று என்னைக் கையால் கூப்பிட்டா. என்னுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. வயல் வேலையில் காய்த்துப்போன கை.

"பிள்ளை, தாலி கட்டேக்க நான் அதில நிக்கமாட்டன். பின்னுக்குக் குசினிக்க சமையலோட நிண்டிடுவன்."

"ஏன் அம்மா? நீங்கள்தானே வளர்த்தனீங்கள்."

"புருசன் இல்லாதவள் முன்னுக்கு நிண்டால் சனம் கதைக்கும். நாளைக்கு அவளுக்கு ஒண்டெண்டால் என்ர தலையிலதான் போடுவினம். அது போகட்டும். அந்த நேரத்தை மட்டும் வடிவா எடுத்துத் தா. அதைத்தான் நான் பாக்கப்போறன். வேற ஒண்டும் வேண்டாம்."

ஓம் என்றேன். அந்த அம்மாவுக்கு மகளின் தாலிகட்டு என்பது நாங்கள் எடுத்துக் கொடுக்கப்போகிற ஒரு படம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் என்ர பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே என்னுடைய கையிலிருந்த கமராவை வாங்கிப் பைக்குள் வைத்தார். ஒரு குழாயைப் பந்தல் மூலையில் கட்டிவிட்டு மற்றதை என்னிடம் நீட்டினார். "நீ இதைப் பிடிச்சுக்கொண்டு நில். அசையாத."

பிறகு சனத்தைப் பார்த்துக் கத்தினார். "ஒருத்தரும் போனில படம் எடுக்காதேங்கோ! போன் வெளிச்சம் பட்டால் என்ர ஃபிளாஷ் அடிச்சிடும். எல்லாரும் போனை உள்ளுக்கு வையுங்கோ!" கலியாணத்துக்கு வந்த சனம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிப் போனை வைத்தது. பொம்பிளையின் மாமன் ஒருவர் ஒளித்து ஒரு படம் எடுக்கப் பார்த்தார். இவர் பாய்ந்து போய் அவருடைய கையை மறித்தார்.

ஐயர் ஓமகுண்டத்தில் நெருப்பு மூட்டினார்.

நெய் விட்டார். நெருப்பு ஒருமுறை எழும்பியது. என்னுடைய கையிலிருந்த ஃபிளாஷ் 'பளிச்' என்றது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. மற்ற மூலையிலும் 'பளிச்'. ஐயர் மறுபடி நெய் விட்டார். பளிச், பளிச். மந்திரத்துக்கு ஒன்று, சமித்துக்கு ஒன்று என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டேயிருந்தது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெருப்பிலிருந்து வருவதும் அதே சூட்டுக்கதிர்தான். கலியாணவீட்டில் ஓமம் வளர்ப்பார்கள் என்பது மட்டும், வருசக்கணக்காகக் கலியாணப் படம் எடுக்கிற இந்த மனிசனின் நினைவில் வரவில்லை. இத்தனைக்கும் அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்.

தன்னுடைய மிசினைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. நேரே மணவறைக்குப் போய்க் குனிந்தார்.

"ஐயா, உந்த நெருப்பைக் கொஞ்சம் குறைக்கேலாதோ?"

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை ஐயா, நெய்யை மட்டும் எண்டாலும்..."

"தம்பி, தள்ளி நில்லும். அக்கினிதான் சாட்சி. உம்மட கமரா இல்லை."

தவில்காரருக்குக் கை காட்டினார்கள். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எல்லோருடைய கையிலும் தூவுவதற்கு அறுகரிசி. நெருப்பு விடாமல் இழுத்து இழுத்து அடிக்கவைத்ததில் இரண்டு ஃபிளாஷும் களைத்துச் செத்துக் கிடந்தன. இனி அடிக்காது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தாலும் ஏதோ ஒரு படம் வந்திருக்கும். இருட்டோ, மங்கலோ, அந்த அம்மாவுக்கு அது காணும். நான் கத்தினேன். "அண்ணை, எடுங்கோ! சும்மா எடுங்கோ!" மேளத்தில் கேட்டதோ இல்லையோ, மனிசன் கமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, பொம்பிளை மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். வந்து நான் பிடித்திருந்த குழாயைக் கையால் தட்டினார், டிவிக்குத் தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் தாலி ஏறியது. அறுகரிசி வந்து அவருடைய முதுகில் விழுந்தது.

மேளம் ஓய்ந்ததும் தாய் குசினிக் கதவடிக்கு வந்தா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பந்தலுக்குள் கால் வைக்காமலே கேட்டா.

"பிள்ளை, வந்ததே? காட்டு."

எனக்கு வாய் எழும்பவில்லை. அவருக்கு எழும்பியது.

"மாப்பிள்ளை அவசரப்பட்டிட்டார் அம்மா. ஒண்டும் யோசியாதேங்கோ. திருப்பிக் கட்டச் சொல்லுவம்."

அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். ஐயர் எழும்பிவிட்டார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? தாலி ஒருக்காத்தான் கட்டுறது. வேணுமெண்டால் மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். மந்திரமும் இல்லை, மேளமும் இல்லை. அது படம். கலியாணம் முடிஞ்சுது."

அதுவரை தலை குனிந்து இருந்த பொம்பிளை நிமிர்ந்தாள்.

"ஐயா, அது வெறும் படமெண்டால் அம்மாவும் நிக்கலாம்தானே?"

பெரியதாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமன்காரர் தொண்டையைச் செருமினார். ஐயர் ஓமகுண்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஓம். படத்துக்கு ஆரும் நிக்கலாம். கூப்பிடுங்கோ அவாவை."

அவ வரமாட்டேன் என்றா. மகள் மணவறையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நான் குழாயைக் கீழே போட்டேன். அவருடைய கையிலிருந்த கமராவைப் பறித்தேன். பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். குட்டி ஃபிளாஷில் ஒட்டியிருந்த கறுத்த பிலிமை நகத்தால் கிள்ளி எறிந்தேன். "பிள்ளை, நேர அடிச்சால் முகம் தட்டையா வரும்!" என்று பின்னால் கத்தினார். கத்தட்டும். மாப்பிள்ளை கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொம்பிளை தாயைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். நான் அடித்தேன். சனமும் அடக்கி வைத்திருந்த போனையெல்லாம் எடுத்து அடித்தது.

முகம் தட்டையாகத்தான் வந்தது. பின்னால் துணியில் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. தாய் அழுகையும் சிரிப்புமாக, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அண்ணை அதைப் பெருப்பித்து ஸ்ரூடியோ வாசலில் மாட்டினார். வருகிறவர்களுக்கு, இந்த வெளிச்சத்தைக் கடையில் வாங்க ஏலாது, என்னுடைய மிசினில் எடுத்தது என்றார். நான் பக்கத்தில் இருந்து அல்பம் ஒட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு முன்னாலேயே சொல்லுவார். வெட்கம் என்ற சாமானையும் எப்போதோ கழற்றிப் பார்த்திருக்கவேண்டும்.

சில மாதம் போய் அந்த அம்மா ஸ்ரூடியோவுக்கு வந்தா. மல்லாவியிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு பையில் தோட்டத்துக் கத்தரிக்காயும் கொண்டு. சட்டம் போடச் சொல்லியிருந்த படத்தை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தா. பையை அவருடைய மேசையில் வைத்தா.

"தம்பி, உம்மில எனக்கு அண்டைக்கு வலு கோவம். பேந்து யோசிச்சன். உம்மட மிசின் பழுதாகாமல் விட்டிருந்தால் நான் குசினிக்கதானே நிண்டிருப்பன். உமக்கு நல்ல மனசோட ஒருக்கா நன்றி சொல்லோணும் எண்டுதான் வந்தனான்."

வாழ்நாளில் அந்த மனிசனுக்கு உண்மையாக நன்றி சொல்ல வந்த ஒரே ஆள் அவதான். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும். அவர் ஸ்குறூ டிறைவரை மேசையில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"பழுதோ? என்ர மிசின் பழுதாகேல்லை அம்மா. அதில ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் அந்த நெருப்பில."

அந்த அம்மா கோவிக்கவில்லை. சட்டம் போட்ட படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. மற்றக் கையால் கத்தரிக்காய்ப் பையை எடுத்து என்னிடம் தந்தா.

"அப்ப நான் நெருப்பைத்தான் கும்பிடோணும்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனா.